‘எல்லாக் குடிமக்களுக்கும்’: பேச்சுரிமை யாருக்கு, எதுவரை?

2019 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஜெர்மனியிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவரும் நின்றார். கையில் ஓர் அட்டை. அதில் ‘1933–1945’ என்று ஆண்டுகளைப் போட்டு, ‘நாங்கள் அங்கே இருந்திருக்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வரி. ஹிட்லர் ஆட்சி நடந்த ஆண்டுகள் அவை. சில நாட்களில் குடியேற்ற அதிகாரிகள் அவரை அழைத்து நாட்டைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதே அட்டையை அவருக்குப் பக்கத்தில் நின்ற உள்ளூர் மாணவர் பிடித்திருந்தால்? போலீஸ் பிடித்து மாலையில் விட்டிருக்கலாம், வழக்குகூடப் போட்டிருக்கலாம். ஆனால் ‘ஊரைவிட்டுப் போ’ என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒரே அட்டை, ஒரே வாசகம், ஒரே இடம். வித்தியாசம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் ‘எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது’ என்பதிலிருந்துதான் தொடங்குகிறோம். அதற்கும் முந்தைய கேள்வி ‘யார் பேசலாம்’ என்பது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19-வது கூறு ‘எல்லாக் குடிமக்களுக்கும்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. பேச்சுரிமை, அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகின்றன. இதை 14-வது கூறோடும் 21-வது கூறோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தின் முன் சமம் என்பதையும், உயிர், தனிமனிதச் சுதந்திரம் ஆகியவற்றையும் சொல்லும் அந்த இரண்டு கூறுகளும் ‘எந்த நபருக்கும்’ என்கின்றன. அங்கே குடிமகனா என்ற கேள்வி கிடையாது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவர் ஒருவருக்கும் இதே மாதிரி வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அவர் நீதிமன்றம் போனார். 2020 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் கைகொடுத்த முக்கியக் கூறு 21-வது கூறுதான்.

ஆகவே, பேச்சுரிமை பற்றிய விவாதமும் குடியுரிமை பற்றிய விவாதமும் தனித்தனி என்று நினைக்க வேண்டாம். குடியுரிமையின் எல்லையை மாற்றினால், பேச்சுரிமை உள்ளவர்களின் எண்ணிக்கையும் கூடவே மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேலி போட்ட கதை

‘பேச்சுரிமை இருக்கு, ஆனா அதுக்கு எல்லை உண்டு’ என்று டீக்கடையிலும் சொல்வார்கள், தொலைக்காட்சியிலும் சொல்வார்கள். சரி, அந்த எல்லை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 19(2) என்ற உட்கூறில். அது எழுதப்பட்ட கதையின் இரண்டு முக்கியமான கட்டங்கள் நம் ஊரோடு தொடர்புள்ளவை என்பது பலருக்குத் தெரியாது.

1950-ல், அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே, அன்றைய சென்னை மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. இதழை நடத்திய ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். அரசு சொன்ன காரணம் பொது ஒழுங்கு. அன்றைய 19(2)-ல் அப்படி ஒரு காரணமே இல்லை. அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால்தான் பேச்சைத் தடுக்கலாம், தெருச் சச்சரவு வரும் என்பதெல்லாம் அந்த அளவுக்குப் போகாது என்று சொல்லி, 1950 மே மாதம் நீதிமன்றம் தடையை நீக்கியது.

மத்திய அரசு என்ன செய்தது? அடுத்த ஆண்டே அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. 1951-ன் முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’, ‘அயல்நாடுகளுடன் நட்புறவு’, ‘குற்றம் செய்யத் தூண்டுதல்’ ஆகிய மூன்றையும் சேர்த்தது. ஒரு நல்லதும் நடந்தது: கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் உள்ளே வந்தது. இன்றுவரை குடிமகனுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான்.

இரண்டாவது கட்டம் 1963. ‘இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ என்ற காரணம் 16-வது திருத்தத்தில் சேர்ந்தது. அதன் முக்கியமான இலக்கு தி.மு.க.வின் திராவிட நாடு கோரிக்கை. மாநிலங்களவையில் அண்ணா அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறியது; கட்சி தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு மாநில சுயாட்சிப் பாதைக்குத் திரும்பியது. அந்தக் கோரிக்கை சரியா தவறா என்பது தனி விவாதம். ஒரு மாநிலத்தின் மேடைப் பேச்சு அரசமைப்புச் சட்டத்தின் வாசகத்தையே மாற்றவைத்தது என்பது வரலாறு.

இன்று 19(2)-ல் இருக்கும் காரணங்கள் மொத்தம் எட்டு. மேலே சொன்ன நான்கோடு அரசின் பாதுகாப்பு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு ஆகியவை மீதி நான்கு. இதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அரசை விமர்சிப்பது’ இல்லை. ‘பெரும்பான்மைக்குப் பிடிக்காதது’ இல்லை. ‘மனம் புண்படுவது’ இல்லை. மத உணர்வைப் புண்படுத்தினால் தண்டிக்கும் குற்றவியல் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. ஆனால் 1957-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டபோது, வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்யும் அவமதிப்பு பொது ஒழுங்கைக் குலைக்கும் என்ற வழியாகத்தான் ஏற்றது. யாரோ ஒருவர் முகம் சுளித்தார் என்பது மட்டும் போதாது.

பேச்சா, தூண்டுதலா?

சரி, எட்டுக் காரணங்கள் தெரிந்துவிட்டன. ஒரு குறிப்பிட்ட பேச்சு அதற்குள் வருகிறதா என்பதை எப்படி முடிவு செய்வது? இதற்கும் ஒரு தமிழ் வழக்கு உதவுகிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் இடஒதுக்கீட்டைக் குறை சொல்கிறது, வெளியானால் கலவரம் வரும் என்று வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் சான்றிதழை ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி மாதிரி நெருக்கமாக இருக்க வேண்டும் என்றது. எங்கேயோ, எப்போதோ, யாரோ கோபப்படலாம் என்ற ஊகம் போதாது. இன்னொன்றும் சொன்னது: கலவரம் செய்வேன் என்று மிரட்டுபவரை அடக்குவது அரசின் கடமை, அந்த மிரட்டலுக்குப் பயந்து பேசுபவரின் வாயை மூட முடியாது. இடஒதுக்கீட்டை முழுமனதாக ஆதரிக்கும் எனக்கு அந்தப் படத்தின் கருத்து ஒப்பாது. இருந்தும் அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. பேச்சில் மூன்று படிகள் இருக்கின்றன: விவாதம், ஆதரித்து வாதாடுதல், தூண்டுதல். முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் பாதுகாப்புக்குள் வரும். மூன்றாவது படியில்தான் சட்டம் தலையிடலாம்.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ‘இந்தச் சட்டம் மதத்தை வைத்து ஆளைப் பிரிக்கிறது, அநியாயம்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘துரத்தப்பட்டு வந்தவர்களுக்குப் புகலிடம் தரும் சட்டம், மிகச் சரி’ என்று இன்னொருவர் பதில் எழுதுகிறார். இரண்டுமே விவாதம். ‘ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மெரினாவுக்கு வாருங்கள், எதிர்ப்பைக் காட்டுவோம்’ என்றால் அது வாதாடுதல். ‘நாளைக் காலை அந்தத் தெருவில் இருக்கும் அவங்க கடையைக் கொளுத்துங்க’ என்றால் அது தூண்டுதல். எழுதியவர் எந்தக் கட்சி, எந்த மதம் என்று பார்த்து அளவுகோலை மாற்றக் கூடாது. நடைமுறையில் அது மாறுகிறது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

ஷ்ரேயா சிங்கால் வழக்கு தூக்கி எறிந்த சட்டம் எது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. இணையத்தில் ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ ஏற்படுத்தினால்கூட 3 ஆண்டுவரை சிறை என்றது அது. எரிச்சலுக்கு யார் அளவு சொல்வது? 2012-ல் புதுச்சேரியில் ஒரு சிறு வியாபாரி, அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி போட்டதற்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைது. சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்ததற்காக ஏன் கடையடைப்பு என்று ஒருத்தி ஃபேஸ்புக்கில் கேட்டாள், மற்றவள் அதற்கு லைக் போட்டாள். ஒரு லைக்குக்குக் கைது! இப்படிப்பட்ட கைதுகளுக்குப் பிறகுதான் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2015 மார்ச் 24-ல் பிரிவு செத்தது. செத்த பிரிவில் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன என்பது பிறகு வெளியே வந்தது. உச்ச நீதிமன்றமே அதிர்ந்தது. யாராவது உங்கள் மேல் 66ஏ என்று சொன்னால், அப்படி ஒன்று இப்போது இல்லை என்று நேரடியாகச் சொல்லலாம்.

பக்கம் திறக்கவில்லை

இணையத் தணிக்கையில் வழக்கு, கைது எல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாமல் நடப்பதுதான் அதிகம் கவலை தருகிறது.

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கிண்டல் செய்த கேலிச்சித்திரம். சட்டமன்றம் உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பியது. பெரிய அநியாயம். ஆனால் யார் அனுப்பினார்கள், எதற்காக, எத்தனை நாள் என்று தமிழ்நாடே பார்த்தது. எதிர்ப்பும் கிளம்பியது; சில நாளில் அவர் வெளியே வந்தார்.

2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் இணைய இதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்களைச் சங்கிலி போட்டுத் திருப்பி அனுப்பிய நேரம். பிரதமர் சங்கிலியோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வரைந்திருந்தார்கள். சில நாட்களில் பலருக்கு விகடன் இணையதளம் முழுவதுமே திறக்கவில்லை. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. வாசகர் பக்கத்தைத் தட்டுகிறார், சக்கரம் சுற்றுகிறது, ஒன்றும் வரவில்லை. தன் போனில்தான் கோளாறோ என்று நினைத்து இன்னொரு முறை தட்டுகிறார். விளக்கமெல்லாம் பிறகுதான் வந்தது. மார்ச் 6-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒரு சித்திரத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக ஒரு தளத்தையே மூடுவது, ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்று நூலகத்தைப் பூட்டுவது மாதிரி.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ என்ற பிரிவு. இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஓர் இணையப் பக்கத்தையோ செயலியையோ முடக்க மத்திய அரசு உத்தரவிடலாம். 2020 ஜூனில் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகள் ஒரே நாளில் போனது இதன் கீழ்தான். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிமன்றம் 66ஏ-வை நீக்கியபோது 69ஏ-வை விட்டுவைத்தது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றனவே என்றது. விதிகள் இருக்கின்றன, உண்மைதான். அதே விதிகளில், இந்த உத்தரவுகள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. உத்தரவு கம்பெனிக்குப் போகும், கம்பெனி பக்கத்தை மறைக்கும், எழுதியவருக்குப் பல நேரம் காரணமே தெரியாது. தெரியாத உத்தரவை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது?

இன்னொரு வழி அதே சட்டத்தின் 79-வது பிரிவு. மற்றவர்கள் போடும் பதிவுகளுக்காக ஃபேஸ்புக், யூடியூப் மாதிரி நிறுவனங்களைப் பொறுப்பாக்காமல் காப்பாற்றுவது இது. அரசு சுட்டிக்காட்டியும் எடுக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்தப் பயத்தில் நிறுவனம் யோசிக்காமல் எடுத்துவிடும். இப்படி நோட்டீஸ் அனுப்பவே ‘சஹயோக்’ என்று ஒரு தளம் இருக்கிறது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மறுபக்கம், அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்பதை அரசின் குழுவே தீர்மானிக்கும் என்ற 2023-ன் விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்றது. இழுபறி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆயுதம் இணையத்தையே நிறுத்துவது. 2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிக்கொண்டிருந்தபோதே அசாமில் மொபைல் இணையம் நின்றது. சட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படுவோம் என்று நினைத்த மக்களுக்கு, சட்டம் வந்த வாரத்திலேயே பேச வழியில்லை. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திரும்ப வந்தது. உத்தரப் பிரதேசத்தின் பல மாவட்டங்கள், மங்களூரு, டெல்லியின் சில பகுதிகள் என்று வரிசையாக அந்த மாதம் நிறுத்தினார்கள். அடுத்த மாதம், காஷ்மீர் முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் 19-வது கூறுக்குள் வரும், நிறுத்தும் உத்தரவை வெளியிட்டாக வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது என்றது.

கேட்டைத் தாண்ட முடியாதவர்கள்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். குடிமகன் யார்?

2019-ன் திருத்தம் சொல்வது இதுதான்: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது; அவர்கள் 11 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு இங்கே இருந்திருந்தாலே குடியுரிமை கேட்கலாம். அந்த நாடுகளில் மதச் சிறுபான்மையினர் துன்புறுத்தப்படுகிறார்கள், இந்தச் சட்டம் யாருடைய குடியுரிமையையும் பறிக்கவில்லை என்பது அரசின் வாதம். முஸ்லிம்களை விட்டதன் மூலம் மதம் முதல்முறையாகக் குடியுரிமைக்கு அளவுகோலாகிவிட்டது, 14-வது கூறு ‘எந்த நபருக்கும்’ தரும் சமத்துவத்துக்கு இது எதிரானது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். எனக்கு இரண்டாவது வாதமே சரியாகப் படுகிறது. விதிகள் 2024 மார்ச்சில் வந்தன.

அந்த மூன்று நாடுகளில் இலங்கை இல்லை. சென்னையில் 2019 டிசம்பர் கடைசியில் பெசன்ட் நகரில் பெண்கள் இந்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டார்கள். போலீஸ் சிலரைப் பிடித்துவைத்தது. மறுநாளிலிருந்து வீட்டு வாசல்களில் அதே கோலம் முளைத்தது. மாக்கோலத்துக்கு எந்தச் சர்வர் வேண்டும், யார் அதை முடக்க முடியும்? ஆனால் அந்த நாட்களில் கோலப்பொடியைக் கையில் எடுக்கத் தயங்கியவர்களும் இதே மாநிலத்தில் இருந்தார்கள். மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள். சுமார் 58,000 பேர். 1983-லிருந்து வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள். சட்டம் யாரைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததோ, அவர்களுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும் உரிமைக்கு அரசமைப்பின் உத்தரவாதம் இல்லை.

அவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள், அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். அவர்கள் கதையில் இதே பாடம் ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது. 1947 தேர்தலில் இந்தத் தோட்டத் தமிழர்கள் தங்கள் கட்சியிலிருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமை போனது. 1952 நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு ஒருவரும் இல்லை. அவர்கள் பேச்சை யாரும் தணிக்கை செய்யவில்லை. அதற்குத் தேவையே வரவில்லை.

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்தபோது, இங்கே குடியிருக்கும் உரிமை 19-வது கூறின்படி குடிமக்களுக்குத்தான், எல்லா நாட்டினரையும் வைத்துக்கொள்ள இது சத்திரம் இல்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் பேசியது. சட்டத்தின் எழுத்துப்படி 19-வது கூறு பற்றி அது சொன்னது தவறில்லை. அந்த எழுத்தே எவ்வளவு பெரிய வாசல் கேட்டாக நிற்கிறது என்பதைத்தான் அது காட்டியது.

கேட் எங்கே நிற்கிறது தெரியுமா? 1987 ஜூலை 1-ல். அந்தத் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அது இன்னும் இறுகியது. இந்த விதியைக் காட்டித்தான், 1986-ல் முகாமில் பிறந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி 2022-ல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 ஏப்ரலில் வரிசையில் நின்று ஓட்டும் போட்டார்.

ஒரு முகாம் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே தாய்தகப்பன், இரண்டு பிள்ளைகள். அக்கா 1987 ஜூனில் பிறந்தவள், தம்பி 1988-ல். இருவரும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள், ஒரே ரேஷன் அரிசியில் வளர்ந்தவர்கள். அக்கா நாளை வாசலில் ஓர் எதிர்ப்புக் கோலம் போட்டு, போலீஸ் வந்தால், ‘எனக்கு 19-வது கூறு இருக்கிறது’ என்று சொல்லலாம். கோலப்பொடி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் தம்பியை அவள் முதலில் உள்ளே போகச் சொல்ல வேண்டியிருக்கும்.